ரசீதோடு வரும் துப்பாக்கி

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுவது. நைரோபியில் வேலை பழகிவிட்டது என்று உம்மா சொன்னாள், சந்தோஷம். சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் அரசாங்கம் இருக்கிறது, ராணுவம் இருக்கிறது, 2007 முதல் ஆப்பிரிக்க ஒன்றியப் படையும் இருக்கிறது. அப்புறமும் அந்த ஊர் வியாபாரி, அரசை எதிர்த்துப் போரிடும் ஆயுதக் கூட்டமான அல் ஷபாபுக்கு ஏன் பணம் கட்டுகிறார் என்று கேட்டாயே, அதற்குப் போனில் அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. சோமாலியாவுக்கு நிவாரணம் அனுப்பும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவள் நீ. விவரமாகவே தெரிந்துகொள்.

மொகதிசுவில் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று பைடோவாவுக்குப் புறப்படுகிறது என்று வை. வழியில் அரசுச் சிப்பாய்கள் மறிப்பார்கள், காசு கேட்பார்கள். கொஞ்ச தூரம் போனால் இன்னொரு கூட்டம், மறுபடியும் காசு. அவர்களுக்கே சம்பளம் மாதக்கணக்கில் வராமல் கிடந்த காலம் உண்டு. அல் ஷபாப் சாவடியில் நடப்பது வேறு. என்ன சரக்கு, எவ்வளவு பெரிய வண்டி என்று பார்த்து ஒரு தொகை சொல்வார்கள். வாங்கியதும் ரசீது எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த சாவடியில் அந்த ரசீதை நீட்டினால் வண்டி போகலாம். ரசீது இல்லாமல் சுற்றுவழியில் போய்ப் பிடிபட்டால் அபராதம், சரக்குப் பறிமுதல், அதற்கு மேலும் நடக்கும்.

இது சாலையோடு நிற்கவில்லை. மொகதிசு துறைமுகத்தில் எந்தக் கப்பலில் யாருக்கு என்ன வந்தது என்கிற பட்டியலே அவர்கள் கைக்குப் போய்ச் சேர்கிறது. கன்டெய்னருக்கு வரி, மனை வாங்கினால் வரி, வீடு கட்டினால் வரி. கட்டாதவருக்கு முதலில் ஒரு போன் வரும். பேசுவது அம்னியாத் என்கிற அவர்களுடைய உளவுப் பிரிவு. அந்தக் குரல் பெயரைச் சொல்லும், கடையைச் சொல்லும், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தையும் சொல்லும். அதற்குப் பிறகு யார் கட்டாமல் இருப்பார்? ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் இப்படிச் சேர்கிறது என்பது ஐ.நா. நிபுணர்களின் கணக்கு. நிலத் தகராறு என்றால் அரசு ஊரில் இருப்பவர்கள்கூட அவர்களுடைய காதியிடம், அதாவது மார்க்க நீதிபதியிடம் போகிறார்கள். தீர்ப்பு சீக்கிரம் வரும், வந்தால் நடக்கும். மக்கள் விரும்பி அவர்களோடு இருக்கிறார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிடாதே. பயம் பாதி, அரசின் கையாலாகாத்தனம் மீதி.

என் மனசை அதிகம் வருத்துவது ஜகாத், அதாவது வசதியுள்ளவர்கள் கொடுக்க வேண்டிய மார்க்கக் கடமை, அந்த விஷயம். சோமாலிய மக்கள் பின்பற்றும் மத்ஹபும், அதாவது மார்க்கச் சட்ட வழியும், நம் மத்ஹபும் ஒன்றுதான், ஷாஃபி. ஜகாத் கணக்கு இதுதான்: 5 ஒட்டகத்துக்கு ஓர் ஆடு, 25 ஒட்டகத்துக்கு ஒரு வயது நிறைந்த பெண் குட்டி ஒன்று, 30 மாட்டுக்கு ஒரு கன்று, 40 ஆட்டுக்கு ஓர் ஆடு. மானாவாரி விளைச்சலில் பத்தில் ஒன்று, நீர் இறைத்துப் பயிர் செய்தால் இருபதில் ஒன்று. பெறத் தகுதியுள்ளவர்கள் எட்டு வகை. குர்ஆன் அந்த வரிசையை ஏழைகளில்தான் தொடங்குகிறது. ஷபாப்காரர்களோ துப்பாக்கியோடு வந்து ஆட்டையும் ஒட்டகத்தையும் எண்ணி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கொஞ்சத்தை ஏழைகளுக்குக் கொடுத்துப் படமும் பிடித்து வெளியிடுவார்கள். ஜகாத் முடிந்ததும் ஜிஹாதுக்கு என்று தனி வசூல். கடைசியில் பிள்ளைகள். 2017 கடைசி மாதங்களில் பாய் பிராந்தியத்தில் ஊர்ப் பெரியவர்களையும் ஆசிரியர்களையும் மிரட்டிப் பிள்ளைகளைக் கேட்டார்கள், எட்டு வயதுப் பிள்ளைகளைக்கூட. எத்தனையோ சிறுவர்கள் தனியாகவே நடந்து அரசு ஊர்களுக்குத் தப்பி ஓடினார்கள். இதற்கெல்லாம் மார்க்கத்தின் பெயர்!

எப்படி வளர்ந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி விழுந்தபின் ஊருக்கு ஒரு துப்பாக்கிக் கூட்டம். அந்த அக்கிரமம் பொறுக்காமல் எழுந்த ஷரீஅத் நீதிமன்றங்களின் கூட்டணி 2006 ஜூனில் மொகதிசுவைப் பிடித்தது. ஷபாப் அதற்குள் இருந்த இளைஞர் படைதான். டிசம்பரில் எத்தியோப்பியா படையெடுத்து நீதிமன்றங்களைக் கலைத்தது. என் அபிப்பிராயம், அந்தப் படையெடுப்புதான் இவர்களைப் பெரியவர்கள் ஆக்கியது. அந்நியனை எதிர்க்கிறோம் என்று சொல்லி ஆள் சேர்க்க முடிந்தது. 2009 ஜனவரியில் எத்தியோப்பியப் படை வெளியேறியது. அதே மாதம் நீதிமன்றங்களின் தலைவராக இருந்த ஷேக் ஷரீஃபே அதிபரானார். ஷபாப்காரர்கள் அவரையும் காஃபிரோடு சேர்த்து எதிர்த்துப் போரிட்டார்கள். அந்நியனை விரட்டுவது மட்டும் நோக்கம் இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

காதிரிய்யா என்கிற ஸூஃபி வழியின் ஷேக்குகளுடைய கப்ருகளை, அதாவது அடக்கத்தலங்களை, இடித்தார்கள். 2008இல் மத்திய சோமாலியாவில் ஸூஃபி ஜமாஅத்தினரே ஆயுதம் எடுத்து இவர்களை எதிர்த்தார்கள். ஷபாப் 2012 பிப்ரவரியில் அல் கொய்தாவோடு சேர்ந்தது. 2013இல் தலைவர் கொடானே, கூடவே இயக்கத்தைத் தொடங்கிய இப்ராஹிம் அல் அஃப்கானி போன்றவர்களையே கொன்றார். கொடானேயை 2014 செப்டம்பரில் அமெரிக்கா கொன்றது. ஆனால் வரி வசூல் ஒரு நாளும் நிற்கவில்லை. தலையை வெட்டினால் உடல் விழும் என்று நம்பியவர்கள் அந்தக் கணக்குப் பிள்ளைகளை மறந்துவிட்டார்கள்.

கென்யாவில் நடந்தவை உனக்குத் தெரிந்திருக்கும்: 2013இல் வெஸ்ட்கேட் அங்காடியில் 67 பேர், 2015 ஏப்ரலில் கரிஸ்ஸா பல்கலைக்கழகத்தில் 148 பேர், பெரும்பாலும் மாணவர்கள். 2014 நவம்பரில் மந்தேரா அருகே பேருந்தை மறித்து முஸ்லிம் அல்லாத 28 பேரைப் பிரித்து எடுத்துச் சுட்டார்கள். 2015 டிசம்பரில் அதே பக்கம் இன்னொரு பேருந்து. இந்தத் தடவை முஸ்லிம் பயணிகள் பிரிந்து நிற்க மறுத்தார்கள். பெண்கள் தங்கள் முக்காட்டுத் துணியைக் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். கொல்வதானால் எல்லோரையும் கொல், இல்லை விட்டுப் போ என்று சொன்னார்கள். அதில் குண்டடிபட்ட சலாஹ் ஃபாரா என்கிற ஆசிரியர் சில வாரங்களில் மவுத்தானார். உன் அலுவலகத்தில் யாராவது இஸ்லாத்தையும் இந்தக் கூட்டத்தையும் ஒன்றாகப் பேசினால் அந்த ஆசிரியரைச் சொல்.

ஆனால் அதிகம் செத்தவர்கள் சோமாலிய முஸ்லிம்களே. 2011 அக்டோபரில் மொகதிசுவில் வெடித்த லாரி, துருக்கி உதவித்தொகை முடிவு பார்க்க நின்ற மாணவர்களைக் கொன்றது. 2017 அக்டோபர் 14 அன்று சோபே சந்திப்பில், பக்கத்தில் எரிபொருள் டேங்கர் நின்ற இடத்தில் லாரி குண்டு வெடித்து 587 பேர் இறந்தார்கள். அதற்கு அவர்கள் பொறுப்பேற்கவில்லை. ஊரே கொதித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். 2022இல் அதே சந்திப்பில் இரண்டு கார் குண்டுகள். முதல் குண்டில் அடிபட்டவர்களைத் தூக்க ஓடி வந்தவர்களை இரண்டாவது கொன்றது.

உன் வேலைக்கு நேராகச் சம்பந்தப்பட்டது பஞ்சம். 2010 முதலே ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தை ஷபாப்காரர்கள் தங்கள் பகுதியில் நுழையவிடவில்லை. மற்ற அமைப்புகளிடம் பதிவுக் கட்டணமும் வரியும் கேட்டார்கள். அமெரிக்கா அவர்களைப் பயங்கரவாதப் பட்டியலில் வைத்திருந்ததால், கொடுத்தால் சட்டக் குற்றம் என்று பயந்து நன்கொடையாளர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். 2011 ஜூலை 20 அன்று ஐ.நா. பஞ்சம் அறிவித்தது, இவர்கள் பஞ்சமே இல்லை என்றார்கள், வெளியேறப் பார்த்தவர்களைத் தடுத்தார்கள், நவம்பரில் மேலும் 16 அமைப்புகளுக்குத் தடை போட்டார்கள். செத்தவர்கள் ஏறத்தாழ 2,60,000 பேர், பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். முதல் பழி துப்பாக்கி பிடித்தவர்கள் மேல். சட்டப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

2022இல் மறுபடி வறட்சி. மத்திய சோமாலியாவின் ஹிரான் பகுதியில் உணவு லாரிகளை எரித்து ஆட்களையும் கொன்றார்கள். மக்கள் பொறுக்கவில்லை. மஅவிஸ்லே என்கிற ஊர்ப் படை, கைலி கட்டிய கால்நடைக்காரர்கள்தான், ராணுவத்தோடு சேர்ந்து பல ஊர்களை மீட்டது. அதில் ஆதன் யபால் டிசம்பரில் கிடைத்தது. 2025 ஏப்ரலில் மறுபடி ஷபாப் கைக்குப் போனது. ஊரைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், பிடித்தபின் காவல் இருக்க ஆள் இல்லை. ஒரு குலத்தின் படை இன்னொரு குலத்தின் நிலத்துக்குப் போய் நிற்காது. ராணுவம் விலகியதும் அரசுக்கு உதவியவனைத் தேடி அம்னியாத் வரும். அடுத்த தடவை அந்த ஊர் யோசிக்கும்.

போக்குவரத்து பில் உன் மேசைக்கு வரும்போது ‘வழிச் செலவு’ என்று மொத்தமாக ஒரு தொகை இருந்தால், அதற்குள் சாவடிக் காசு இருக்கும். மனிதாபிமான உதவிக்கு ஐ.நா. தடையிலிருந்து விலக்கு 2010இலிருந்தே உண்டு; நன்கொடை கொடுக்கும் நாட்டின் சட்டம் என்ன என்பதை உங்கள் சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள். விசாரிப்பதாக இருந்தால் ஒப்பந்தக்காரரிடம் விசாரி. லாரி ஓட்டியவரை எழுத்தில் மாட்டிவிடாதே. அவர் நாளையும் அதே சாலையில்தான் போயாக வேண்டும்.

உம்மா துஆ சொன்னாள். பிப்ரவரியில் லீவு கிடைக்குமா என்று எழுது.

அன்புடன்,
வாப்பா