கப்பல் கழிவு எங்கே இறங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 இல் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது எல்லோரும் வரவேற்றோம். சரி, அதில் வருவோரின் குப்பையும் மலக்கழிவும் எங்கே போகின்றன?

மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கை, பிளாஸ்டிக்கைக் கடலில் எங்குமே கொட்டக் கூடாது என்கிறது. ஆனால் நம்முடையது போன்ற கடல்களில் சுத்திகரிக்காத மலக்கழிவைக்கூடக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், ஓடும் கப்பலிலிருந்து மெல்ல விடலாம். அரைத்துக் கிருமி நீக்கியிருந்தால் 3 மைலே போதும். குளியல், சலவைத் தண்ணீருக்கோ அதில் தடையே இல்லை! முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் எங்கள் ஆட்கள் வலை விரிக்கும் கடலும் இதுதானே.

இருக்கிற விதியையாவது மதிக்கிறார்களா? எண்ணெய்க் கழிவைக் கள்ளக் குழாய் வைத்துக் கடலில் விட்டு மறைத்ததற்காக, பிரின்சஸ் குரூசஸ் நிறுவனம் 2016 இல் அமெரிக்காவில் 4 கோடி டொலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. காட்டிக்கொடுத்தவர் கப்பலில் புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர். அவர் வாய் திறந்திராவிட்டால்?

திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வரும் உல்லாசக் கப்பல்களின் குப்பைப் பதிவேட்டை அதிகாரிகள் பார்க்கிறார்களா, கரையில் இறக்கிய கழிவு எங்கே போகிறது என்பதை வெளியிடட்டும்.

மீனவர் குடும்ப வாசகர்,
முல்லைத்தீவு.