சீலிங்கை மூடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

சென்னையில் அலுவலகக் கட்டடங்களுக்கு ஏசி வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் அவர்களுடைய சைட் இன்ஜினியர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகும் கட்டடங்களைப் பராமரிக்கிறவன் நான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தொங்கும், அறையின் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி வெளியேற்றும் வாட்டர் கூல்டு ஏசி யூனிட்களைப் பற்றித்தான் இந்த மடல். குளிர் நாடுகளில் இதே யூனிட்டில் கேஸ் ஓட்டத்தைத் திருப்பிவிடும் ரிவர்சிங் வால்வு சேர்த்து, அதே தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்து அறைக்குத் தருகிறார்கள். ஹீட் பம்ப் என்று பெயர். சென்னைக்கு அது தேவையில்லை. ஆனால் பைப் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். தண்ணீர் வர ஒரு லைன், போக ஒரு லைன், ஏசிக்குள் சொட்டும் தண்ணீரை வடிக்கும் டிரெயினுக்கு ஒரு லைன்.

இந்த மூன்றாவது லைன்தான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஏசி டெண்டரில் 'டிரெயின் பாயின்ட் வரை' என்றிருக்கும், பிளம்பிங் டெண்டரில் 'டிரெயின் பாயின்டிலிருந்து' என்றிருக்கும். நடுவில் உள்ள நாலடியை யாரோ ஒரு ஹெல்பர் கைக்குக் கிடைத்த எல்போவை வைத்து ஒட்டிவிட்டுப் போகிறார். பிறகு தண்ணீர் சொட்டினால் ஏசிக்காரர் பிளம்பரைக் கை காட்டுவார், பிளம்பர் ஏசிக்காரரைக் கை காட்டுவார். வாளியோடு ஓடுவது நாங்கள்.

இந்த யூனிட்களில் பெரும்பாலும் காற்றைத் தள்ளும் பிளோயர், காற்றைக் குளிர்விக்கும் காயிலுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் யூனிட்டுக்குள்ளே, காயிலில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் டிரெயின் பேன் (தட்டு) இருக்கும் பகுதி, பிளோயர் ஓடும்போதெல்லாம் உறிஞ்சலில் இருக்கும். ஃபில்டர் அழுக்கேறினால் உறிஞ்சல் இன்னும் கூடும். 25 மி.மீ. நீரளவு உறிஞ்சல் என்றால், டிராப் (தண்ணீர் தேங்கி நின்று காற்றை அடைக்கும் வளைவு) இல்லாத குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே பாயும். பேனில் சேரும் தண்ணீரை இறங்கவிடாது. சரி, டிராப் வைத்துவிட்டோம் என்பீர்கள். நான் திறந்து பார்க்கும் டிராப்களில் பல, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும் வெறும் 'யூ' வளைவு. அதில் தண்ணீர் பேனுக்குள்ளேயே 25 மி.மீ. ஏறி நின்ற பிறகுதான் வடியத் தொடங்கும். ஆழமில்லாத பேன் அதற்குள் நிரம்பி வழிந்துவிடும். வெளியேறும் பக்கம் பேன் வாயைவிட 50 மி.மீ. கீழே இருக்க வேண்டும். அதற்கும் கீழே குறைந்தது 25 மி.மீ. தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். உறிஞ்சல் அதிகமான யூனிட்டுக்கு இந்த அளவுகளும் கூட வேண்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி டிராப். இரண்டுக்கு ஒன்று வைத்தால், ஓடாத யூனிட் வழியே காற்று வந்து ஓடுகிற யூனிட்டைக் கெடுக்கும்.

உங்கள் ஆட்கள் டெஸ்ட் செய்யும் விதத்தையும் பார்த்திருக்கிறேன். யூனிட்டை நிறுத்தி வைத்துப் பேனில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வடிகிறது, கையெழுத்து வாங்குகிறார்கள். பிளோயர் ஓடாதபோது எந்தக் குழாயும் வடியத்தான் செய்யும். முதலில் டிராப்பை நிரப்புங்கள். பிறகு பேனல்களை மூடி, பிளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். டிராப்புக்கு அப்பால் மீட்டருக்கு 10 மி.மீ. வாட்டம், குழாய் தொங்காதபடி சப்போர்ட், வெளியே வியர்க்காமல் இன்சுலேஷன், அடைப்பெடுக்கத் திறக்கும் ஒரு மூடி, இவ்வளவும் வேண்டும். கழிவுக் குழாயில் நேரடியாகச் சொருகாதீர்கள். டிராப் காய்ந்த நாளில் அலுவலகம் முழுக்க நாறும். முடிந்தால் இந்தத் தண்ணீரை, ஏசியின் சுற்றுத் தண்ணீரை ஆற்றும் கூலிங் டவருக்கே கொண்டு போங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு நின்ற ஊர் இது.

தண்ணீர் லைனில் எனக்கு ஒரே ஒரு குறைதான், ஃபிளஷிங், அதாவது குழாயை அலசிவிடுவது. வெல்டிங் கசடும் துருவும் கிடக்கும் எம்.எஸ். (இரும்பு) குழாயை நேராக யூனிட்டில் மாட்டி பம்ப்பைப் போட்டால், அவ்வளவும் யூனிட்டின் சூடு தண்ணீருக்கு மாறும் கண்டென்சருக்குள் போய் உட்காரும். சப்ளை ஹோஸையும் ரிட்டர்ன் ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து, யூனிட்டைத் தவிர்த்துத் தண்ணீரைச் சுற்றவிடுங்கள். ஸ்ட்ரெய்னரை (லைனில் உள்ள வடிகட்டி) கழுவி, தண்ணீர் தெளிந்த பிறகு யூனிட்டோடு சேருங்கள்.

அடுத்த ஹேண்டோவரிலிருந்து, சீலிங்கை மூடுவதற்கு முன்பே யூனிட் ஒன்றுக்கு ஒரு டெஸ்ட் தாள் தாருங்கள். பிளோயர் ஓடும்போது டிரெயின் வடிந்ததா, ஃபிளஷிங் ஆனதா என்ற இரண்டு வரிகள் போதும். கீழே ஏசிக்காரர், பிளம்பர் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். அந்தத் தாள் வந்த பிறகு எங்கள் கையெழுத்தைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புச் சூப்பர்வைசர்