போக மாட்டேன்னு சொன்ன சாமி

ஈவூ, சீனா,
பங்குனி 26

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி எழுதின கடுதாசி கிடைச்சுது. பொங்கலுக்குக்கூட என் கையெழுத்தைக் காணலைன்னு நீ வருத்தப்பட்டதா எழுதியிருந்தா. தப்பு என்மேலதான். போன்ல பேசினா "சாப்பிட்டியா"வோட முடிஞ்சிருது. அதான் கடை அடைச்ச பெறகு உக்காந்து எழுதுதேன்.

நான் நல்லா இருக்கேன். குளிர் இன்னும் விடல. துவைச்ச சட்டை காய மூணு நாளாகுது. அடுப்படியிலேயே நிக்கதால எனக்கு ஒண்ணும் தெரியல. நீ குடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயை விரல் நுனியால தொட்டுத் தொட்டு மாசி வரைக்கும் ஓட்டிட்டேன்.

கீழ்வீட்டுக் கிழவியைப் பத்திக் கேட்டிருந்தியே. நான் ஆச்சின்னுதான் கூப்பிடுதேன், அவளும் திரும்பிப் பாக்கா. நம்ம வெள்ளிக்கிழமை மாதிரி, அவளுக்கு அவங்க மாசத்துல ஒண்ணாந்தேதியும் பதினஞ்சும் கவிச்சி ஆகாது. அலமாரியில ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைப் பீங்கான் சிலை, மடியில பிள்ளை. மாதா சொரூபம்னு நினைச்சு வேதக்காரங்களான்னு கேட்டுட்டேன், அப்படிச் சிரிச்சா! அது குவான்யின், இங்க புத்த மதத்துக்காரங்க கும்பிடுற கருணைச் சாமி, பிள்ளை வரம் குடுக்கிற கோலமாம். தெஹுவாங்கிற ஊர்ல செஞ்சது. சாயமே கிடையாது, ஆனா சேலைக் கொசுவம் மாதிரி ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாத் தெரியும். வீடு மாறுதப்போ ஒரு விரல் ஒடிஞ்சுபோச்சு. அந்தத் துண்டைச் செவப்புத் தாள்ல மடிச்சு பீடத்துக்கு அடியில வச்சிருக்கா.

காலேஜ்ல படிக்கிற பேரன், இவரு நம்ம நாட்டுலருந்து வந்த அவலோகிதர்ங்கிற போதிசத்துவர், முதல்ல ஆம்பிளைன்னு சொல்லி, துன்ஹுவாங்ங்கிற ஊர்ப் பழைய குகைப் படத்தை போன்ல காட்டினான். மெல்லிசா மீசை! ஆச்சிக்குக் கோவம் வந்துட்டு. சாமி 33 வேஷம் எடுக்கும், உனக்கென்னடான்னு கேட்டா.

அவங்க ரெண்டாம் மாசம் 19 குவான்யின் பொறந்த நாள். புத்துவோ தீவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனா. டிக்கெட்டு அவளே எடுத்துட்டா, நான் சொல்லியும் கேக்கல. கடலோரத்துல 33 மீட்டர் உயரத்துக்கு ஒரு சிலை, 1997ல வச்சது. எனக்கு அதைவிட, பாறைக்குப் பக்கத்துல இருந்த சின்னக் கோயில்தான் மனசுல நிக்கி. அந்தச் சாமி பேரே "போக மாட்டேன் குவான்யின்". ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ஒரு ஜப்பான் சாமியார் சிலையைக் கப்பல்ல ஏத்தினாராம். கப்பல் நகரவே மாட்டேன்னுட்டு. இங்கேயே எறக்கி வச்சிட்டுப் போயிட்டார். ஆச்சி மூணு தடவை சொல்லிட்டா இந்தக் கதையை.

புத்துவோங்கிறது போதலகம்ங்கிற பழைய பேராம், அவலோகிதர் இருக்கிற மலையோட பேரு. யுவான் சுவாங் குறிப்புல அந்த மலை நம்ம தெக்கத்தி மலய மலைப் பக்கம். பொதிகைதான்னு சொல்ற ஆராய்ச்சிக்காரங்களும் உண்டு. அத்தான்ட்ட கேளு, அகத்தியரே அவலோகிதன்ட்டதான் தமிழ் கேட்டார்னு வீரசோழியம்ங்கிற பழைய இலக்கண நூல்ல வரும். கொல்லையில நீ துணி காயப்போடுதப்போ எதுக்க தெரியுதே, அந்த மலைம்மா. பஸ்ஸு ஏறி, கப்பல் ஏறி, அந்தப் பேரைப் போய்க் கும்பிட்டுட்டு வந்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. வேற ஒண்ணுமில்ல, கப்பல் ஆட்டம்.

பாப்பா சம்பந்தம் பத்தி: மாமா அவசரப்படுதார்னு தெரியுது. ஆச்சி இன்னொரு கதையும் சொன்னா. கல்யாணம் வேண்டாம்னு சொன்ன ராசகுமாரியை அப்பனே படாத பாடு படுத்தினானாம். பின்னால அவனுக்கு நோவு வந்தப்போ தன் கண்ணையும் கையையும் குடுத்துக் காப்பாத்தினவ அவதானாம். அதான் குவான்யினுக்கு ஆயிரம் கை, உள்ளங்கைக்கு ஒரு கண்ணு. மாமாட்ட இந்தக் கதையெல்லாம் சொல்லாதே. பி.எட். முடியட்டும், அண்ணன் சொல்லிட்டான்னு மட்டும் சொல்லு.

இந்த மாசம் பணம் ரெண்டு வாரம் தாமசமாகும். முதலாளி கணக்கு முடிக்கல, அவ்வளவுதான். பாங்கில இருக்கிற நகைக்கு வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வை. பின்கட்டு ஓடு சாரலுக்கு முன்னால மாத்தியாகணும், கொத்தனார்ட்ட இப்பவே சொல்லி வை. சித்தப்பா பத்திரத்தோட வந்தா, நான் வராம கையெழுத்துப் போடாதே. ஊறுகாய் யார்ட்டயும் குடுத்துவிட முடிஞ்சா ரெண்டு பாட்டிலாப் போடு, ஒண்ணு கீழ்வீட்டுக்கு.

உன் மகன்