மடிக்கணினி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்: மதர்போர்டின் வரைபடத்தை வெளியிடுங்கள்

மடிக்கணினி தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மதர்போர்டு பழுதுநீக்குவது என் தொழில். 'திரவச் சேதம்' என்று எழுதி உங்கள் சேவை மையங்கள் திருப்பி அனுப்பும் கணினிகள்தான் எங்கள் மேசைக்கு வருகின்றன. உள்ளே ஒட்டியிருக்கும் ஈரங்காட்டி சிவந்திருந்தால் உத்தரவாதம் செல்லாது, போர்டை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்ற ஒரே பதில்தான் அங்கே கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அண்மையில் ஓர் ஆய்வு மாணவியிடமும் அதையே சொல்லியிருக்கிறார்கள். தேநீர் சிந்தியதும் அவர் கணினியை உடனே அணைத்துவிட்டார். ஆனால் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால், அணைத்த பிறகும் போர்டின் சில தடங்களில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். ஈரத்தோடு மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிடும். அரிசிக்குள் புதைத்து வைத்தாலும் உப்பும் சர்க்கரையும் போர்டிலேயேதான் தங்கும். அவருடைய ஆய்வுத் தரவுகள் அதே போர்டில் பற்றவைக்கப்பட்ட நினைவகத்தில் இருக்கின்றன. மறையாக்கம் செய்யப்பட்ட அந்தத் தரவுகளைத் திறக்கும் சாவியும் அதே போர்டில் உள்ள சிப்பில்தான் இருக்கிறது. போர்டை மாற்றினால் அவருடைய உழைப்பும் அதோடு போய்விடும்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தேன். புராசஸரும் நினைவகமும் நன்றாகவே இருந்தன. மின்வழங்கும் ஐசி (சிப்) ஒன்றின் பக்கத்தில், எவ்வளவு மின்னழுத்தம் வர வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் இரண்டு மின்தடைகளில் ஒன்று அரித்துப் போயிருந்தது. நீளம் 0.6 மில்லிமீட்டர், அகலம் 0.3 மில்லிமீட்டர். அந்த அளவுள்ள மின்தடையின் மேல் எந்த எண்ணும் அச்சிடப்பட்டிருக்காது. மாற்றிப் பற்றவைப்பது சில நிமிட வேலை. எத்தனை ஓம் என்பதுதான் தெரியவில்லை. உத்தேசமாக ஒன்றைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. மதிப்பு தவறினால் மின்னழுத்தம் எல்லை மீறி, பிழைத்திருக்கும் புராசஸரும் எரிந்துவிடக்கூடும்.

ஒவ்வொரு உறுப்பின் மதிப்பையும் இணைப்பையும் காட்டும் உங்கள் சர்க்யூட் வரைபடத்தில் ஒரு வரியில் இருக்கும் அந்த எண் கிடைக்காததால், அதே மாடலின் செத்த போர்டு ஒன்றை நான் தேடிக்கொண்டிருக்கிறேன், அதிலிருந்து மின்தடையைக் கழற்றி அளந்துகொள்வதற்காக. கசிந்த வரைபடம் என்று முகம் தெரியாதவர்கள் விற்கும் கோப்பையும் வாங்கினேன். அது வேறொரு பதிப்பினுடையது, இந்தப் பகுதியின் அமைப்பே அதில் வேறாக இருக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்பவரைத் திருட்டுச் சந்தைக்குத் துரத்துவது நியாயம்தானா? தயவுசெய்து வரைபடத்தைத் தாருங்கள்.

தொழில் ரகசியம் என்று சொல்கிறீர்கள். உங்கள் போட்டியாளரிடம் போர்டை அடுக்கடுக்காகப் பிரித்து ஆராயும் ஆய்வகம் இருக்கிறது. நீங்கள் மறைப்பதால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. மாட்டிக்கொள்வது கையில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருக்கும் நாங்களும், எங்களை நம்பி வருபவர்களும்தான். 1981இல் ஐபிஎம் தன் தனிநபர்க் கணினியை வெளியிட்டபோது, அதன் தொழில்நுட்பக் கையேட்டில் முழுச் சர்க்யூட் வரைபடத்தையும் அச்சிட்டே விற்றது.

சட்டம் வந்த இடத்திலும் நிறுவனங்கள் சந்து தேடுகின்றன. 2022 இறுதியில் நியூயார்க்கில் கையெழுத்தான பழுதுநீக்க உரிமைச் சட்டத்தில், பாதுகாப்பைக் காரணம் காட்டித் தனி உதிரிபாகத்துக்குப் பதில் முழுத் தொகுதியாகக் கொடுக்கலாம் என்ற சலுகை கடைசி நேரத்தில் புகுந்தது. மடிக்கணினியில் முழுத் தொகுதி என்றால் மதர்போர்டுதானே! ஒரு மின்தடைக்காகப் போர்டையே வாங்கு என்பதற்கு உரிமை என்று பெயர் வைப்பது எங்களை அவமதிப்பது. அதே 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைக் குவித்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. சுற்றுச்சூழல் அறிக்கைகளை ஆண்டுதோறும் வெளியிடும் நீங்கள், உயிருள்ள போர்டுகளைக் குப்பைக்கு அனுப்பும் இந்த வழக்கத்தைப் பற்றி அதில் ஒரு பக்கமாவது எழுத வேண்டும்.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். ஒவ்வொரு மாடலுக்கும், ஒவ்வொரு பதிப்புக்கும், சர்க்யூட் வரைபடத்தையும் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் போர்டுவியூ கோப்பையும் வெளியிடுங்கள். உங்களுக்கென்றே தயாராகும் ஐசிகளை வெளியாருக்கு விற்கக் கூடாது என்று சிப் நிறுவனங்களைக் கட்டிப்போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாது என்றால், விற்பனையை நிறுத்திவிட்ட மாடல்களிலிருந்தாவது தொடங்குங்கள். அவற்றின் வரைபடங்களை வெளியிடும் தேதியை அறிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மதர்போர்டு பழுதுநீக்கும் தொழிலாளி