பெயிண்ட் கன்னுக்கு ஒரு சொந்தக்காரர்: சிங்கப்பூரிலிருந்து மாமாவுக்கு ஒரு கடிதம்

துவாஸ், சிங்கப்பூர்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும், தண்டையார்பேட்டையில் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற முறை தொலைபேசியில் பேசியபோது, நம் திருவொற்றியூர் பெயிண்ட் பட்டறையில் ஏர்லெஸ் கன் (காற்று கலக்காமல் பம்பின் அழுத்தத்தாலேயே பெயிண்டைத் தெளிக்கும் கருவி) மறுபடியும் அடைத்துக்கொண்டு எண்ணூர் வேலை ஒரு நாள் முழுக்க நின்றுபோனது என்றும், கழுவாமல் வைத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றும் சொல்லி வருத்தப்பட்டீர்கள். அவசரமாகப் பேசி முடிக்கக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். துவாஸ் என்பது தீவின் மேற்குக் கோடி. தங்குமிடத்தில் என் அறையில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன்களும் வங்காளதேசத்துக்காரர்களும் இருக்கிறார்கள். சமையல் முறை வைத்துக்கொண்டு செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போனால் வீரமாகாளியம்மன் கோயில், மல்லிகைப் பூ, தமிழ்ப் பேச்சு எல்லாம் கிடைப்பதால் மனம் ஆறிவிடுகிறது. வெயில் நம் ஊர் வெயில்தான். ஆனால் எந்த நேரத்திலும் மழை வரும், காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். அதனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன் காற்றின் ஈரப்பதத்தையும் இரும்பின் சூட்டையும் அளந்து எழுதாமல் யாரும் கன்னைத் தொடுவதில்லை. பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கடலோரத்தில் வேலை செய்யும் நமக்கும் இது அப்படியே பொருந்தும்.

நான் எழுத வந்த விஷயம் இதுதான். இங்கே ஒவ்வொரு பெயிண்டருக்கும் அவருடைய கன் என்று ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்ததும் ஸ்டோரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கன், அதனோடு சேரும் சிறு ஹோஸ், கன்னின் முனையில் மாட்டும் துளையுள்ள டிப் ஒரு பெட்டி, ஈரப் பூச்சின் கனத்தை அளக்கும் சீப்பு, முகத்துக்கு ஏற்றதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாஸ்க் ஆகியவற்றைக் கொடுக்கிறார்கள். கன்னின் பிடியில் எண் வெட்டியிருக்கும், ஹோஸில் அவரவர் நிறத்தில் டேப் சுற்றியிருக்கும். என்னுடையது பச்சை. அந்தக் கன்னை வேறொருவர் எடுப்பதில்லை. நான் விடுப்பில் போனால் அது ஸ்டோரில் பூட்டித்தான் இருக்கும். பம்ப் மட்டும் பொது. ஆனால் அதற்கும் பெயிண்ட் கலக்கித் தரும் ஆள் ஒருவர் பொறுப்பாளி, அவர் பெயர் பம்பிலேயே தொங்குகிறது.

கேட்பதற்குச் சின்ன ஏற்பாடாகத் தோன்றும். இதனால் மாறுவது என்ன என்பதை டிப்பிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பட்டறையில் காசு கரைவதே அந்த இடத்தில்தான். 517 என்று எண் போட்ட டிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணை இரட்டித்தால், 12 அங்குல தூரத்தில் பிடித்து அடிக்கும்போது விசிறி, அதாவது விரிந்து விழும் பெயிண்ட், எவ்வளவு அகலம் விழும் என்பது கிடைக்கும், அதாவது 10 அங்குலம். கடைசி இரண்டு எண்கள் துளையின் அளவு, ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 17 பங்கு. துத்தநாகப் பிரைமர் போன்ற கரகரப்பான பெயிண்ட் ஓடும்போது அந்தத் துளை அரிக்கப்பட்டு வட்டமாகிக்கொண்டே வரும். 17 இருந்தது 21 ஆகிவிட்டால் துளையின் பரப்பு ஒன்றரை மடங்காகிவிடுகிறது. விசிறி குறுகுகிறது, அதே நேரத்தில் பெயிண்ட் அதிகமாகக் கொட்டுகிறது. நடுவில் வடிந்து தொங்கும், ஓரத்தில் மெலிந்து நிற்கும். விசிறி கால் பங்கு குறுகிவிட்டால், அதாவது 10 அங்குலம் ஏழரை ஆகிவிட்டால், டிப்பைத் தூக்கிப் போட வேண்டும் என்பது தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. ஒரு டிப்பை மிச்சம் பிடிக்கப் போய் டின் டின்னாக எபாக்சி பெயிண்டை வீணாக்குகிறோம்.

இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாதது இல்லை மாமா, டிப்பின் எண்ணைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரே நீங்கள்தான். ஆனால் நான்கு பேர் மாற்றி மாற்றிப் பிடிக்கும் கன்னில், டிப் எப்போது போட்டது, எவ்வளவு தேய்ந்தது என்பது யாருக்கும் தெரிய வழியில்லை. காலையில் எடுப்பவர் முந்தின நாள் விசிறியைப் பார்த்திருக்க மாட்டார், அதனால் இன்று விழும் விசிறிதான் சரி என்று எண்ணிக்கொள்வார். தன் டிப்பைத் தானே வைத்திருப்பவருக்கு அதன் விசிறி கண்ணில் பதிந்துவிடுகிறது. தினமும் ஒரு பழைய அட்டையில் ஒரு வீச்சு அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் இரும்பின் பக்கம் போகிறேன். விசிறியின் ஓரத்தில் தனிக் கோடாக வால் விழுந்தால், அழுத்தம் போதவில்லையா, பெயிண்ட் கெட்டியாக இருக்கிறதா, டிப் முடிந்துவிட்டதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

அடுத்து பெயிண்டின் ஆயுள். பெயிண்ட், அதை இறுக வைக்கும் மருந்து என இரண்டு பாகமும் கலந்த எபாக்சி, சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதி நேரத்தில் இறுகிவிடும். நம் ஊர் மே மாத மதியத்தில் டின்னில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பவே முடியாது. சாப்பிடப் போகும் அவசரத்தில் கன்னைத் தொங்கவிட்டுப் போனால், திரும்பி வரும்போது ஹோஸோடு சேர்த்து எறிய வேண்டியதுதான். துத்தநாகப் பிரைமர் இறுகும் வரைகூடக் காத்திருப்பதில்லை, ஓட்டம் நின்ற சிறிது நேரத்திலேயே துத்தநாகம் ஹோஸின் அடியில் படிந்து, அடுத்த முறை விசையை அழுத்தியதும் டிப்பில் வந்து அடைத்துக்கொள்ளும். பச்சை டேப் சுற்றிய ஹோஸ் அடைத்தால் விடை சொல்ல வேண்டியவன் நான் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சாப்பாட்டு மணி அடித்தாலும் முதலில் தின்னர் ஓட்டிவிட்டுத்தான் கை கழுவப் போகிறேன். இதற்காக யாரும் என் பின்னால் நின்று கத்துவதில்லை.

எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்பது ஆபத்துதான். ஏர்லெஸ் கன்னில் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம் சாதாரணமாக நிற்கிறது. டிப் அடைத்தால் விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. அதை நம்பி மருந்து போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் விரலையே இழந்திருக்கிறார்கள். அப்படி நடந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய், உள்ளே போன பெயிண்டின் பெயரைச் சொல்லி, அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தயவுசெய்து எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். பொதுக் கன்னைக் கையில் எடுக்கும்போது முந்தினவர் அழுத்தத்தை இறக்கிவிட்டுப் போனாரா, விசைப் பூட்டு பிடிக்கிறதா, டிப்பைச் சுற்றியுள்ள காப்பு இருக்கிறதா, ஹோஸ் எங்காவது புடைத்திருக்கிறதா என்பது எதுவும் தெரியாது. தன் கன்னாக இருந்தால், பம்பை நிறுத்தி, எர்த் கொடுத்த இரும்பு வாளியின் விளிம்பில் கன்னை ஒட்டிப் பிடித்து விசையை அழுத்தி, பிறகு வடிகால் வால்வைத் திறந்து வைத்தது தானே என்ற நிச்சயம் இருக்கிறது. மாஸ்க்கும் அப்படித்தான். ஒருவர் முகத்துக்குப் பொருந்தியது இன்னொருவருக்கு ஓரத்தில் காற்று விடும். பாலியூரித்தேன் பூச்சில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஒருமுறை ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டால் பிறகு அந்த வேலைக்கே போக முடியாது. காகித மாஸ்க்கையும் ஈரத் துண்டையும் கட்டிக்கொண்டு அந்தப் பெயிண்டை அடிக்க இனி யாரையும் விடாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொறுப்பைக் கொடுப்பது வேறு, பழியைத் தலையில் கட்டுவது வேறு. இப்போது இருக்கும் இடத்துக்கு வருவதற்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறு ஒப்பந்தக்காரரும் ஆளுக்கு ஒரு கன் கொடுத்தார். ஆனால் கெட்டுப்போனால் சம்பளத்தில் பிடித்தார். என்ன நடந்தது தெரியுமா? கசிகிற கன்னைக் கசியவில்லை என்று சொல்லி அடித்தார்கள், வெடிப்பு விட்ட ஹோஸின் மேல் டேப்பைச் சுற்றி மறைத்தார்கள். அதைவிடப் பொதுக் கன்னே மேல். இப்போது இருக்கும் இடத்தில் தேய்ந்த டிப்பையும் கசிவைத் தடுக்கும் பழைய பேக்கிங்கையும் ஸ்டோரில் கொண்டுபோய்க் கொடுத்தால் கேள்வி கேட்காமல் புதியது தருகிறார்கள். கடைசி அரை மணி நேரம் கழுவுவதற்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கும் சம்பளம் உண்டு. கன் சரியில்லை என்று பெயிண்டர் சொன்னால் அன்று அந்தக் கன்னில் அடிக்கச் சொல்லி ஃபோர்மேன் கட்டாயப்படுத்த முடியாது. இவை இல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்குவதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இயந்திரத்தை ஓட்டுபவரே அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற முறையை ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் நிப்பான்டென்சோ கம்பெனி நிலைநாட்டி 1971-இல் பரிசும் வாங்கியது. ஆனால் நம் சென்னைப் பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியதே, அங்கே வேலை செய்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே. நம் பட்டறையில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொரு கன்னையும் பிரித்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்தக் கையும் அந்தக் கவனமும் நம் ஆட்களிடம் நிறையவே இருக்கின்றன. மறுநாளிலிருந்து கன் யாருடையதும் இல்லாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான் குறை.

ஆளுக்கு ஒரு கன் வாங்க இப்போது பணம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். டிப்பிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு டிப், பெயர் எழுதிய ஒரு சிறு டப்பா, ஈரக் கனம் பார்க்கும் ஒரு சீப்பு கொடுங்கள். ஈரத்தில் 200 மைக்ரான் விழுந்தால், கன அளவில் 60 சதவீதம் திடப்பொருள் உள்ள பெயிண்டில் காய்ந்த பிறகு 120 நிற்கும் என்ற பெருக்கலை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். தன் வேலையைத் தானே அளப்பவர் தன் டிப்பையும் தானே பார்ப்பார். பம்பையும் அதன் ஃபில்டரையும் பெயிண்ட் கலக்கும் பெரியவரின் பொறுப்பில் விடுங்கள், அவருக்குப் பொறுமை இருக்கிறது. காற்றால் தெளிக்கும், கிண்ணம் வைத்த கப் கன்களை முழுதாகத் தின்னரில் ஊறப்போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், உள்ளே உள்ள பேக்கிங் அதில்தான் கெடுகிறது. அவற்றின் முனையில் உள்ள காற்று மூடியின் துளைகளைச் செம்புக் கம்பியால் குத்த வேண்டாம், பல்குத்தும் குச்சியும் மெல்லிய பிரஷும் போதும். அடுத்த பெரிய வேலைக்கு முன்பணம் வரும்போது, முதல் கன்னை நம் மூத்த பெயிண்டருக்குக் கொடுங்கள். எண்ணை அவர் கையாலேயே வெட்டட்டும்.

இங்கே நாங்கள் தினமும் நிரப்பும் சோதனை அட்டையைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும் தஞ்சாவூர்ப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன், பட்டறைக்கு ஏற்றபடி நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். 517-இலும் 519-இலும் எத்தனை டிப் வேண்டும் என்று எழுதுங்கள், விலை விசாரித்துச் சொல்கிறேன். அத்தைக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்