எருக்குழியை ஏன் மறந்தோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் வாசகி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வீட்டு முன்னால் மண் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, வெண்டை முழங்கால் உயரத்தோடு நின்றுவிடுகிறது, இலையெல்லாம் மஞ்சள் பூக்கிறது, என்ன உரம் போடலாம் என்று. அதற்கு வந்த பதிலில் மூன்று வகை உர மூட்டையும் ஒரு தெளிப்பு மருந்தும் இருந்தன. எருவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், வசிக்கிறேன். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, லயத்தை உடைத்து, ஆளுக்கொரு பக்கம் போய், கடைசியில் இந்த வீட்டுக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. அந்த வாசகி சொல்லும் மண் எனக்கு நன்றாகத் தெரியும். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, எங்கிருந்தோ மஞ்சள் மண்ணை லோரியில் கொண்டுவந்து கொட்டி, ரோலர் ஓட்டி, மேலே புல்லைப் பதித்துச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் மண்வெட்டி போட்டபோது கைதான் அதிர்ந்தது. செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, ஒரு செருப்பு. ஒரு மண்புழுகூட இல்லை. உயிரில்லாத அந்த மண்ணில் எந்த மூட்டையைக் கொட்டி என்ன பயன்?

நம் நாட்டு மேட்டு நிலத்துச் செம்மண் இயல்பாகவே புளிப்பு. pH என்னும் அமிலக் கணக்கில் 4-க்கும் 5-க்கும் இடையில்தான் பெரும்பாலும் நிற்கும். அதிலுள்ள களிமண் சத்தைப் பிடித்துவைக்கும் சக்தி குறைந்த வகை. இதோடு வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை. இன்று யூரியா போட்டு நாளை மதியம் ஒரு அடைமழை பெய்தால் பாதிச் சத்து சாக்கடைக்குப் போய்விடும், அப்புறம் அது ஆற்றுக்குப் போகும். செடி மஞ்சளாவதைப் பார்த்து நாம் மறுபடி போடுகிறோம். யூரியாவையே போட்டுக்கொண்டிருந்தால் மண்ணின் புளிப்பு இன்னும் ஏறும். புளிப்பு ஏறினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வெளியே வந்து வேர் நுனியைக் கருக்கும், வேர் இறங்காது. அந்த வெண்டை முழங்காலோடு நிற்பதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 விழுக்காடு. நல்ல மக்கு உரத்திலேயே 1, 2 விழுக்காடுதான் இருக்கும். மூட்டையின் மேல் அச்சடித்த எண்களை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எரு தோற்றுத்தான் போகும். ஆனால் எரு செய்கிற வேலை வேறு. மக்கிய பொருள் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து இடையில் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழிவிடும். மழை அடித்துக்கொண்டு போகாதபடி சத்தைப் பிடித்துவைத்து வேர் கேட்கும்போது விடும். நான் சொன்ன அந்த அலுமினியத்தைக் கட்டிப்போடும். மண்புழுவுக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களுக்கும் சாப்பாடும் அதுதான். இவ்வளவும் இருந்தால்தான் இயற்கைத் தோட்டம் என்று பேசவே முடியும். ரசாயன மூட்டையை நிறுத்திவிட்டு வேறொன்றும் செய்யாமல் விட்டால் செடி பட்டினிதான் கிடக்கும். அப்படிச் செய்துவிட்டு ‘இயற்கை முறை நமக்குச் சரிப்படாது’ என்று விட்டவர்கள் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள்.

எங்கள் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. லயத்துக்குப் பின்னால் வாழை ஓரமாக இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி இருந்தது. விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன்னே மாட்டுக் கொட்டகையைக் கூட்டி, சாணி, மாடு மிச்சம் வைத்த புல், அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டுத்தான் கிளம்புவார். தை, மாசியில் ரப்பர் மரம் இலை கொட்டும்போது நாங்கள் பிள்ளைகள் சாக்கில் சருகு அள்ளிவந்து குழி மேல் பரப்பவேண்டும், அது எங்கள் வேலை. ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்பார். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் பலன் தரும், சாணி மெதுவாகத் தரும், அதனால் கீரைப் பாத்திக்கு ஒன்று, முருங்கைக்கு ஒன்று என்று பிரித்துப் போடுவார். பால்வெட்டுச் சம்பளம் பற்றாத மாதத்தில் எங்களைக் காப்பாற்றியது அந்தப் பாத்திதான். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை, மாடு வைத்திருந்த எல்லா லயத்திலும் ஒரு குழி இருந்தது.

1924-லிருந்து 1931 வரை இந்தூரில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, சாணியையும் பயிர்க் கழிவையும் அடுக்கி, ஈரம் காத்து, புரட்டி மக்கவைக்கும் முறையை எழுதி உலகத்துக்குச் சொன்னார். இந்திய விவசாயிகளையே தன் ஆசிரியர்களாகக் கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், இன்று சருகைக் கொளுத்திவிட்டு மூட்டை வாங்க வரிசையில் நிற்கிறோம்.

சரி, எப்படிச் செய்வது? என் தவற்றிலிருந்தே சொல்கிறேன். தாமானுக்கு வந்த புதிதில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் காய்கறித் தோல், மீந்த சோறு, பழத்தோல் என்று சமையலறைக் கழிவை மட்டும் போட்டு மூடிவைத்தேன். பத்தாம் நாள் திறக்கமுடியவில்லை. கூழாகிப் புழு நெளிந்து, பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார். அப்போதுதான் அம்மா எங்களை ஏன் சருகு அள்ளவிட்டார் என்று எனக்கு உறைத்தது. ஈரமான பச்சைப் பொருளில் தழைச்சத்து அதிகம், காய்ந்த பொருளில் கரிச்சத்து அதிகம். கரி 25, 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்று இருந்தால் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். பச்சை கூடினால் காற்றில்லாமல் அழுகி நாறும், காய்ந்தது கூடினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வீட்டுக் கணக்கில் சொன்னால் ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு, அல்லது கிழித்த அட்டைப்பெட்டி. ஒவ்வொரு முறை கழிவு கொட்டியதும் மேலே சருகைப் போட்டு மூடவேண்டும். நாற்றத்துக்கு மருந்து அதுதான். அந்த மாக்சிக் இப்போது தன் வீட்டுப் பலாப்பழத் தோலை எனக்காக எடுத்துவைக்கிறார்.

ஈரம் எவ்வளவு என்று கேட்டால், ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள், பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நம் ஊர் மழைக்கு மேலே ஒரு தகரமோ கித்தானோ கட்டாயம். அந்தக் கித்தான் பள்ளத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், டிங்கி கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும். மீன் கழிவையும் கோழி எலும்பையும் சின்னக் குவியலில் போடாதீர்கள், எலியும் உடும்பும் தேடி வரும். மீன் கழிவை வாழையடியில் ஒரு அடிக்குக் குறையாமல் ஆழமாகப் புதைத்துவிடலாம். களைக்கொல்லி அடித்த ரோட்டோரப் புல்லை நான் தொடுவதே இல்லை.

இடம் இருந்தால் மூன்றடிக்கு மூன்றடி, உயரமும் மூன்றடி வருகிற மாதிரி ஒரே மூச்சில் குவியுங்கள். மூன்றாம் நாள் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், வைத்திருக்க முடியாது. 55, 60 டிகிரிக்குப் போகும், களை விதையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில்தான் சாகும். நான் காலை ஆறரைக்கு, ஜெராய் மலை மேல் மேகம் இன்னும் விலகாத நேரத்தில் புரட்டுவேன். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் குப்பென்று ஆவி எழும்பும், உள்ளே சருகின் மேல் சாம்பல் தூவியது போல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அது கெட்டுப்போன பூஞ்சணம் என்று பயந்து கொட்டிவிடாதீர்கள், கடினமான நாரை உடைக்கிற நுண்ணுயிர் அது, நன்றாக மக்குகிறது என்பதற்கு அடையாளம். வாரம் ஒரு முறை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில், சும்மா விட்டால் ஆறு மாதத்தில் எரு ஆகிவிடும். கையில் எடுத்தால் கறுப்பாக, உதிரியாக, புது மழை பெய்த மண் வாசனை வரும். சூடோ புளித்த வாடையோ இருந்தால் இன்னும் ஆகவில்லை, அதைச் செடிக்குப் போட்டால் வேர் கெடும். பச்சைக் கோழி எரு மூட்டையை அப்படியே கொட்டுகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

செம்பனைத் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். காண்டாமிருக வண்டு அழுகும் மரத்திலும் எருக்குவியலிலும்தான் முட்டையிடும். கட்டைவிரல் பருமனில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுவைப் பார்த்தால் அதுவாக இருக்கலாம். வளர்ந்து வண்டானதும் தென்னை, செம்பனைக் குருத்தைத் துளைக்கும். இதற்குப் பயந்து எருவே வேண்டாம் என்று விட்டவர்கள் உண்டு. குவியலை வாரம் தவறாமல் புரட்டினால் சூட்டில் முட்டை தங்காது, புழு இருந்தாலும் கண்ணில் படும். நான் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுவேன். கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் குவியல்தான் ஆபத்து.

தோட்ட நிர்வாகங்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறும் குலை, நூறு கிலோ குலைக்கு 22 கிலோ அளவுக்கு வரும். அதை லோரியில் ஏற்றி மறுபடி செம்பனை வரிசைக்கு நடுவே பரப்புகிறார்கள். அதில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) நிறைய, மண் ஈரமும் காயாது. காசு கணக்குப் பார்க்கிற கம்பெனியே மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நாம்தான் கறுப்புப் பையில் கட்டி வாசலில் வைக்கிறோம். இந்த நாட்டு வீட்டுக் குப்பையில் பெரும் பங்கு உணவுக் கழிவு. அது குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்து மீத்தேன் வாயுவாக வெளிவருகிறது, அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. கெடாவில் 2015-லிருந்து குப்பையைப் பிரித்துப் போடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. காகிதம், பிளாஸ்டிக் பிரித்தாலும் சோறும் தோலும் அதே பையில்தான் போகின்றன.

அறுவடை முடிந்ததும் முடா சமவெளிப் பக்கம் போனால் வைக்கோல் எரிகிற புகை கண்ணைக் கரிக்கும். 1970-ல் நீர்ப்பாசனத் திட்டம் வந்ததிலிருந்து வருஷத்துக்கு இரண்டு போகம், அடுத்த நடவுக்குள் வயலைக் காலி செய்யவேண்டிய அவசரம் விவசாயிக்கு இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் தாமானில் அப்படி என்ன அவசரம்? சனிக்கிழமை சாயங்காலம் புல் வெட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம், அது ஒரு பக்கம். ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டுக்குள் இருமிக்கொண்டிருக்கிறதே.

நம் கோயில்களையும் சொல்லவேண்டும். அன்னதானம் நடக்கும் நாளில் எத்தனை வாழையிலை, எத்தனை மாலை, எத்தனை தேங்காய் மட்டை! நாரில் கட்டிய மாலையாக இருந்தால் அந்த நாரும் மக்கிவிடும், பிளாஸ்டிக் கயிறாக இருந்தால் ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். மாலை கட்டுகிறவர்களிடம் நிர்வாகம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேநீர்க் கடையில் கேட்டால் தேத்தூள் சக்கை ஒரு வாளி தருவார்கள், தேங்காய்ப்பால் பிழிகிற கடையில் சக்கை கிடைக்கும். கோயில் பின்புறம் நாலு பலகை அடித்து இரண்டு தொட்டி கட்டினால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தோட்டத்துக்கு வருஷம் பூராவும் எரு கிடைக்கும். பிள்ளைகளும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். இதை நான் எங்கள் ஊரில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள், உங்கள் தோட்டக்கலைப் பகுதியில் உரத்தின் பெயரை எழுதுமுன் எரு செய்யும் முறையை ஒரு முறையாவது போடுங்கள். தை, மாசி வெயிலுக்குள் மண்ணில் எரு சேர்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றுகிற வேலையே பாதி குறையும். அந்த வாசகி எங்கள் வட்டாரம் என்றால் என் முகவரியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். சலித்துவைத்த எரு இரண்டு மூட்டை என்னிடம் இருக்கிறது, சாக்கு மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீடோங், கெடா.