எண்ணூர் சேத்துக்கும் டெஸ்ட் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகம் வரைக்கும் பரவினப்போ மீனவங்களே பக்கெட்டும் மக்குமா அத அள்ளினத எல்லாரும் டிவில பாத்தோம். தண்ணி மேல மிதந்தத அள்ளியாச்சு, சரி, அலையாத்தி வேர்ப்பக்கம் சேத்துக்குள்ள இறங்கினத யார் அளக்குறாங்க?

நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்குறவன், அதனால இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு. பெட்ரோலிய எண்ணெய்ல பல வளையம் சேந்த ஹைட்ரோகார்பன்கள் இருக்கு, அதுல சிலது கேன்சர் வரவைக்கக்கூடியது. அதுங்க மேல புற ஊதா ஒளி பட்டா தானும் ஒளிரும், எந்த அலைநீளத்துல எவ்வளவு ஒளிருதுன்னு ஃப்ளோரசன்ஸ் கருவில அளந்தா டீசல் மாதிரி லேசான எண்ணெயா, கச்சா எண்ணெய் மாதிரி கனமானதான்னு கூட ஓரளவு சொல்லிடலாம். ஒரு ஸ்பூன் காஞ்ச சேத்துல எண்ணெயக் கரைக்கிற ஹெக்ஸேன்ங்கிற திரவத்த ஊத்தி நல்லா குலுக்கி தெளிய விட்டா மேல நிக்கிறது பாக்க சுத்தமாதான் இருக்கும், ஆனா எண்ணெய் இருந்தா இருட்டுல யூவி லைட் பட்டதும் நீலமா ஒளிரும், இலைதழையோட பச்சையம் இருந்தா அது சிவப்பா தெரியும். அமெரிக்காவுல லேசர் வெச்ச கம்பிய தரைக்குள்ள இறக்கி எந்த ஆழத்துல எண்ணெய் நிக்குதுன்னு அங்கயே பாத்துடுறாங்க.

இந்த ஒளிர்வு டெஸ்டே முடிவானதுன்னு சொல்ல வரல. ஈரமும் மக்குன தழையும் கணக்க மாத்திடும், எந்தப் பொருள் எவ்வளவுன்னு உறுதியா சொல்ல கலவைய தனித்தனியா பிரிச்சு அளக்குற கேஸ் குரோமட்டோகிராஃபி வேணும், அதுக்கு காசும் நாளும் ஆகும், அதனாலதான் எங்கயோ நாலு சாம்பிள் எடுத்துட்டு நிறுத்திடக்கூடாதுன்னு சொல்றேன், முதல்ல இந்த ஒளிர்வு டெஸ்ட்ல நிறைய இடத்த சலிச்சுப் பாத்து அதிகமா ஒளிர்ற சாம்பிள மட்டும் பெரிய லேபுக்கு அனுப்பலாமே. (அனல்மின் நிலைய சாம்பல்ல இருக்குற ஈயம், குரோமியமெல்லாம் இதுல தெரியாது, அதுக்கு எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ் கருவி வேணும், கையில தூக்கிட்டுப் போற மாதிரியே கிடைக்குது.)

கழிமுகத்துல இடங்கள குறிச்சு வெச்சு, மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே இடத்துல அதே ஆழத்துல வருஷாவருஷம் எடுக்கணும், அப்பதான் குறையுதா கூடுதான்னே தெரியும். ரிசல்ட்ட ஃபைல்ல பூட்டி வெக்காம எண்ணூர் மீனவ கிராமமான காட்டுக்குப்பத்துல தமிழ்ல போர்டு எழுதி வெக்கணும், ஏன்னா அந்தச் சேத்துல இறங்கி கையால துழாவி இறால் பிடிக்கிறவங்களுக்குத்தான் அது முதல்ல தெரியணும்.

இப்படிக்கு,
உங்க வாசகர்,
எர்ணாவூர்